பக்கத்து வீட்டுக்குப் போன பாட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. செவ்வாய்க் கிரகத்தில் இருந்த ஒரு மாமியார் மருமகள் கதை சொல்லப் போகிறேன். சண்டை இல்லாத கதைதான். அதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள்.

செவ்வாயில் யாரும் தோசையைப் பிய்த்தவுடன் வாயில் போடுவதில்லை. காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் உரைவில்லை, "தோசை. மொறுமொறுப்பு நன்று. மகிழலாம்" என்று சொன்ன பிறகே போடுவார்கள். பார்ப்பது, கேட்பது எல்லாவற்றுக்கும் அது பொருள் சொல்லும்; எங்கே கைதட்டலாம் என்பதையும் சொல்லும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்றே வில்லையையும் வைத்துவிடுவார்கள்.

மாமியார் செங்கமலத்துக்குக் காதில் சீழ் வைத்து, வில்லையைக் கழற்றி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மருமகள் தவமணிக்கு அரங்கத் தேர்வு வந்தது. ஆறு வருடம் பனிச்சுரங்கத்தில் துளை போட்டவள் அவள். இயந்திர வாத்தியக் குழுவோடு ஒரு பழைய ஜாஸ் பாட்டை டிரம்பெட்டில் வாசித்து, சபை எழுந்து நின்று பாராட்டினால் அரங்கத்தில் வேலை. இல்லையென்றால் மறுபடி சுரங்கம், மறுபடி அந்த இருமல்.

"முன் வரிசையில இடம் போட்டிருக்காங்களே. தப்பான இடத்துல கைதட்டி உன் மானத்த வாங்கிட்டா?" என்றாள் செங்கமலம்.

"நான் சொல்றேன் அத்தை. பாட்டு நாலு துண்டு. முதல் துண்டு நம்ம வீடு. ரெண்டாவதும் அதே வீடு. மூணாவது பக்கத்து வீடு. நாலாவது திரும்ப நம்ம வீடு. துண்டுக்கு முப்பத்திரண்டு தட்டு."

"ஆதி தாளம் நாலு சுத்துன்னு சொல்லேன். இதுக்குப் போய் இவ்வளவு சுத்தி வளைக்கிறே!"

தவமணி சிரித்துக்கொண்டே சுவர் விசைப்பலகையில் ஸ, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். "இது வீடு." பிறகு ரியில் எழும்பும் கூட்டுச்சுரம். "கிளம்பிட்டோம்." பிறகு ப-வில் எழும்புவது. அங்கேயே விரலை எடுக்காமல் நிறுத்தினாள்.

செங்கமலம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடியே, அந்தரத்துல விட்டுடாதடி! எங்கயாவது கொண்டுபோய் இறக்கு!"

தவமணி மறுபடி முதல் கூட்டுச்சுரத்தை அழுத்தினாள்.

"அப்பாடா."

"அவ்வளவுதான் அத்தை. பக்கத்து வீட்டுல ஷட்ஜமே, அதாவது ஸ இருக்கிற இடமே, வேற. புது ஊர் மாதிரி இருக்கும். கடைசியில, இப்ப அந்தரத்துல நின்ன இந்த ஏக்கம் வரும். வந்தா, நம்ம வாசல் வந்தாச்சு."

தேர்வன்று பாட்டை ஒருமுறை அப்படியே வாசித்தாள். அடுத்து, அதே நாலு துண்டின் மேல் தன் கற்பனையை ஓட்ட வேண்டும். மூன்றாவது துண்டில் வாத்தியங்கள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டன. தவமணியோ கணக்குத் தவறி நம் வீட்டிலேயே நின்றுவிட்டாள். சுரங்கள் ஒன்றோடொன்று மோதின. டிரம்பெட் வாயடைத்துப் போயிற்று. அவள் கண்கள் மேடையெங்கும் அலைந்தன.

செங்கமலம் முதலிலிருந்து போட்டு வந்த தாளத்தை விடவில்லை. மேடைக்குத் தெரியும்படி கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி எண்ணினாள். அந்தத் துண்டின் இரண்டாவது சுற்று. மூன்றாவது. நான்காவதில் அந்த ஏக்கம் எழும்பியது. சுற்று முடிந்ததும் தலையை அசைத்து ஓங்கித் தட்டினாள். டிரம்பெட் வாத்தியங்களோடு ஒன்றாக வீட்டுக்குள் நுழைந்தது.

பாட்டு முடிந்ததும் சபை எழுந்து நின்று அழுதது. வில்லைகள் அத்தனை பேர் காதிலும் சொல்லியிருந்தன: "ஷட்ஜம் மாற மறுக்கிறார். பின் மௌனம். துணிச்சலான புதுமை. கண்ணீர் விடலாம்."

அரங்க அதிகாரி ஓடி வந்தார். "வேலை உனக்குத்தாம்மா. ஒண்ணே ஒண்ணு, அந்த இடத்தை தினமும் அப்படியே வாசிக்கணும்."

பக்கத்து இருக்கைக்காரி செங்கமலத்தின் தோளைத் தடவினாள். "பாவம்ங்க, வில்லை இல்லாம உங்களுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது."

"ஆமாங்க," என்றாள் செங்கமலம்.

வெளியே வந்ததும் தவமணி, மாமியாரின் சிவந்த உள்ளங்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அத்தை, நான் தொலைஞ்சே போயிட்டேன். நீங்க இல்லேன்னா..."

"தெரியும்டி. வாய மூடிட்டு வா. யார் காதுலயாவது விழுந்து திரும்பச் சுரங்கத்துக்கு அனுப்பிடப் போறாங்க." சொல்லிக்கொண்டே தவமணியைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். பாட்டைப் புரியவைத்த புண்ணியவதி அல்லவா மருமகள்?

அடுத்த மாதத்திலிருந்து இசைப்பள்ளியில் எல்லோரும் மூன்றாவது துண்டில் தொலைந்துபோகப் பயின்றார்கள். தொலையாமல் வாசித்த ஒருத்திக்கு மட்டும் மதிப்பெண் குறைந்தது.

செவ்வாய்க்காரர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். படம் முடிந்து வெளியே வந்ததும், எத்தனை நட்சத்திரம் என்று கைப்பேசியில் பார்த்த பிறகுதானே நமக்கும் பிடித்துப்போகிறது!

உங்கள் வீட்டு உலை குறையாமல் கொதிக்கட்டும். வந்த பெண்ணும் இருந்த பெண்ணும் ஒருவருக்கொருவர் காதுகொடுத்து நூறாண்டு நன்றாயிருக்கட்டும்.