ரெண்டு கையும் வெளியே

“கட்டையைக் கொடு பாப்பா,” என்று காவலாளி கையை நீட்டினார்.

சுண்டு கொடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் இருந்த ஃபியூஸ் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவள் அம்மா லிஃப்ட் மெக்கானிக். மொட்டை மாடியில், மோட்டார் அறையில் சித்தப்பாவோடு வேலை. மின்சாரத்தை நிறுத்தி, கட்டையைப் பிடுங்கி மகளிடம் கொடுத்துவிட்டுத்தான் படியேறியிருந்தார். கட்டை இல்லாமல் லிஃப்டுக்கு யாரும் மின்சாரம் கொடுக்க முடியாது. வேலை முடிந்ததும் அம்மாவே வந்து, “ரெண்டு கையும் வெளியே” என்று கைகளை விரித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் கட்டை கை மாறும்.

“வேலை முடிஞ்சிருச்சு பாப்பா. உங்க சித்தப்பா கருவிப் பையைத் தூக்கிட்டுப் போறதை என் கண்ணால பார்த்தேன். சாமி சத்தியம்.”

“நானும்தான் பார்த்தேன்,” என்றார் மூன்றாம் மாடி வக்கீல். அவருடைய அப்பா சக்கர நாற்காலியில் சோர்ந்து கிடந்தார். மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். “ரெண்டு சாட்சி இருக்கு. கோர்ட்டே உறுதின்னு எடுத்துக்கும்.”

“கோர்ட் எடுத்துக்கும் சார். அம்மா எடுத்துக்க மாட்டாங்க. ‘ரெண்டு கையும் வெளியே’ன்னு அவங்களே வந்து காட்டணும்.”

“அப்போ போன் போட்டுக் கேளு.”

“அம்மா போன் என்கிட்டதான் இருக்கு.”

பெரியவர் இருமினார். நெற்றியெல்லாம் வியர்வை. சுண்டு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவளுக்கே பாவமாக இருந்தது. ஒருவேளை வேலை முடிந்திருந்தால்?

“நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன் தாத்தா.”

“கட்டையை வச்சிட்டுப் போ,” என்றார் வக்கீல்.

“அது என்கூட வரும் சார்.”

ஓடினாள். பின்னாலேயே வக்கீலும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். கடைசி மாடியில் அவருக்கு முணுமுணுக்கவும் மூச்சு இல்லை.

மோட்டார் அறைக் கதவைச் சுண்டு மெல்லத் தள்ளினாள்.

அம்மா தரையில் மண்டியிட்டிருந்தார். வலது கை, முழங்கை வரை, மின்பெட்டியின் கம்பிகளுக்குள் இருந்தது.

வக்கீல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, சித்தப்பா பையோட போயிட்டாரே?”

“பேரிங் தேஞ்சு போச்சு. அதைப் பையில போட்டுக்கிட்டு, வேற வாங்கக் கடைக்குப் போயிருக்கார்.” அம்மா திரும்பவில்லை. “கட்டை எங்கே?”

“என் பையில.”

“சரி,” என்று அம்மா வேலையைத் தொடர்ந்தார்.

வக்கீல் சுண்டுவோடு கீழே இறங்கிப்போய், அப்பாவுக்கு விசிற ஆரம்பித்தார்.

சித்தப்பா புது பேரிங்கோடு திரும்பி மேலே போனார். ஒருவழியாக வேலை முடிந்து அம்மாவும் அவரும் இறங்கி வந்தார்கள். சுண்டு வாயைத் திறப்பதற்குள் வக்கீல் குறுக்கே வந்து நின்றார்.

“ஒரு நிமிஷம்மா. ரெண்டு கையும்?”

அம்மா கிரீஸ் படிந்த கைகளை விரித்தார். “வெளியே.”

“உங்களோடது?”

சித்தப்பா திருதிருவென்று விழித்து, பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை உயர்த்தினார்.

சுண்டு கட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.