இடதுபக்க மவுண்டிங்

கொட்டாஞ்சேனையில் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு, ரொனியும் ஐறீனும் ரெனால்டின் வீட்டு வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கினார்கள். ரொனி பழைய கார்களுக்கு உயிர் கொடுக்கிறவன். அவனோடு வேலை செய்தவன் கட்டாருக்குப் போன பிறகு, எஞ்சினைத் தொங்கவிடும் சங்கிலியை இழுப்பது அவன் மனைவி ஐறீன்தான். அவர்கள் குடியிருந்த வெள்ளவத்தையில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. அவள் சட்டை செய்யவில்லை.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ரெனால்ட் சாவியை நீட்டினார். பின்வளவுக் கொட்டில்வரை கூட வரவில்லை. குசினி யன்னலில் நின்றே கையைக் காட்டினார்.

கொட்டிலுக்குள் உச்சிப் பொழுதிலும் இருட்டு. பழைய பெற்றோல் நாற்றமும் எலிப் புழுக்கை நாற்றமும் மூக்கை அடைத்தன. நடுவில் அவருடைய அப்பாவின் ஒஸ்டின் கார் மரக்கட்டைகள்மேல் ஏறி நின்றது. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, அப்படி ஒரு மிடுக்கு. ரொனி ஏற்கெனவே கழற்றித் திருத்தி, வர்ணம் பூசிய எஞ்சின் அதற்கு மேலே சங்கிலியில் தொங்கியது.

அவர்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம். கீழே படுத்திருப்பவர் சொன்னால்தான் மேலே சங்கிலி அசையும். போல்ட் துவாரங்கள் நேராக வருகின்றனவா என்று விரலால் தடவிப் பார்ப்பவர் அவர். அவருடைய கை எங்கே இருக்கிறது என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே சொன்னதும் செய்வது, திருப்பிக் கேட்பதில்லை.

"இறக்கு," என்றான் ரொனி. ஐறீன் இறக்கினாள்.

வலதுபக்கம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பரில் பூப்போல உட்கார்ந்தது. இடதுபக்கம் உட்காரவில்லை. ரப்பருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஓர் இடைவெளி.

ரப்பர்களை இடம் வலம் மாற்றிப் போட்டார்கள். கியர்பொக்ஸின் பின் போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்த்தார்கள். ரொனி நூல் பிடித்து சேசிஸைக் குறுக்கும் மறுக்கும் அளந்தான். வளைவு நெளிவு எதுவும் இல்லை. நாலு தரம் தூக்கி, நாலு தரம் இறக்கியும் அதே இடைவெளிதான்.

ஒரு மனிதனின் உள்ளங்கைத் தடிப்பு.

ஐறீன் குனிந்து பார்த்தாள். இடைவெளிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஒரு பத்திரிகைத் தாளை மடித்து உள்ளே செருகினாள். பாதி வழியில் அது எதிலோ முட்டி நின்றது. அங்கே ஒன்றுமே இல்லை.

வெளியே இழுத்தபோது தாளின் நுனி ஈரமாக இருந்தது. இளஞ்சூடாகவும் இருந்தது.

அவள் தாளைக் கீழே போட்டாள். நேரே குசினி யன்னலுக்குப் போனாள். "அங்கிள், எங்களுக்கு முன்னம் இந்த எஞ்சினைக் கழட்டினது ஆர்?"

ரெனால்ட் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாகமணி எண்டொருத்தர், தங்கச்சி. அப்பாட காலத்தில. இதே மவுண்டிங் மாத்தத்தான் வந்தவர். செயினில நிண்டது அவரிட தம்பி. அண்ணன் 'இறக்கு' எண்டு சொன்னதாலதான் இறக்கினனெண்டு அவன் மாதா மேல சத்தியம் பண்ணினவன். அண்ணன்ட வலது கை மணிக்கட்டோட போயிட்டுது."

"அவர் சொன்னவரா?"

"தன்ட கைக்கு மேல இறக்கச் சொல்லி ஆர் சொல்லுவான்?"

ஐறீன் திரும்பி வந்து, போவோம் என்றாள். ரொனி சிரித்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு இடைவெளிக்குப் பயந்து ஓடினன் எண்டு ஊர் சிரிக்கட்டோ?"

"ரொனி, உங்கட கைதான் எங்கட வீடு. அது போனா என்ன செய்யிற?"

அவள் அழுதுவிடுவாள் போலிருந்ததால் அவன் இறங்கி வந்தான். புதிய ஏற்பாடு ஒன்று செய்துகொண்டார்கள். இனி வாய்ப்பேச்சு இல்லை. ஸ்பானரால் ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு.

எஞ்சினைச் சாண் அளவு உயர்த்தினாள். ரொனி கீழே தவழ்ந்து போனான். வெளியே தெரிந்தவை அவனுடைய இரண்டு கால்கள் மட்டும்.

மணி மூன்று. கூரையில் கத்திக்கொண்டிருந்த காகங்கள் ஒரேயடியாக ஓய்ந்தன.

"இறக்கு."

ரொனியின் குரல். அவள் அசையவில்லை.

"ஐறீன், இறக்கப்பா. கை நோகுது."

அவள் சங்கிலியை இறுகப் பிடித்தாள். அவனுடைய குரலேதான். செல்லங் கொஞ்சும்போது வரும் அந்த இழுவைகூட இருந்தது.

"தட்டுங்க," என்று முணுமுணுத்தாள். "தட்டினாத்தான்."

டக்.

டக்.

மாதாவே என்று அவள் சங்கிலியை இழுத்தாள். எஞ்சின் ஒரு விரலளவு இறங்கியது. அப்போதுதான் மட்கார்டின் மேல், தன் முழங்கைக்குப் பக்கத்தில், ரொனி மறந்து வைத்துவிட்டுப் போன ஸ்பானரைக் கண்டாள்.

கீழே ரொனியின் குதிக்கால்கள் சீமெந்துத் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

வெறி பிடித்தவள் மாதிரி மறுபக்கச் சங்கிலியை இழுத்து எஞ்சினை உயர்த்தினாள். ஓடிப்போய்க் கால்களைப் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை. மறுமுனையிலும் யாரோ இழுக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தாள். ரொனி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

அவனுடைய வலது கையைத் தூக்கி விரல்களை எண்ணினாள். ஐந்து விரல்களும் இருந்தன. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் யாரோ இறுக்கிப் பிடித்த சிவப்பு. அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவளுக்கு உலகமே திரும்பக் கிடைத்தது.

"ஏன் கத்தேல்லை நீங்க? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

ரொனி வாயைத் திறந்தான். தொண்டை நரம்புகள் புடைத்தன. உதடுகள் அவள் பேரைச் சொல்லின. காற்றுகூட வரவில்லை.

"ஐறீன்," என்றது காருக்குக் கீழே அவனுடைய குரல். "இறக்கு."

தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் சொல்லிவிட்டார்கள். ரொனி கொப்பியில் எழுதிக் கதைக்கப் பழகினான். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். ஒஸ்டினின் பெயரை வீட்டில் எவரும் எடுப்பதில்லை.

வைகாசியில் ஒரு பகல், வெள்ளவத்தை வீட்டில் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. ஐறீனின் கையில் சோறு. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி," என்றார் ரெனால்ட். குரலில் உண்மையான சந்தோஷம். "ரொனிக்கு வாய் திரும்பிட்டுதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! எப்ப வந்தவர்? கொட்டிலுக்குள்ள தனிய நிண்டு ஆளுக்கு ஒரே பாட்டு."

ஐறீன் முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொனியைப் பார்த்தாள்.

போனில், தூரத்தில், ரொனி பாடுவது கேட்டது. பாட்டு நின்றது. பிறகு அதே குரல், கிட்டவாக, மெதுவாகக் கூப்பிட்டது.

"வா."

அது ஐறீனைக் கூப்பிடவில்லை.

முன்னால் இருந்த ரொனி எழுந்தான். இரண்டு மாதமாகப் பார்க்காத ஒரு மலர்ச்சி அவன் முகத்தில். கையைக் கழுவாமலே சேர்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கதவுக்கு நடந்தான். அவள் அவன் பெயரைச் சொல்லி அலறியபடி அவனைப் பிடித்து இழுத்தாள். அந்த அலறல் அவளுக்குத்தான் கேட்டது, அவனுக்கு அந்த 'வா' மட்டுமே கேட்டது.