எறிதலைவருக்கு வலிக்காது

ஞாயிற்றுக்கிழமை, சீசனின் கடைசி ஆட்டத்தில், ஐந்து தடியர்கள் கிளாட்வின் மேல் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள். திங்கள் காலை அவர் விசிலடித்துக்கொண்டே பல் துலக்கினார். வயது நாற்பத்தொன்று. அமெரிக்கக் கால்பந்து தூத்துக்குடிக்கு வந்த நாள்முதல் ஊர் அணியின் குவார்ட்டர்பேக் அவர்தான். செய்தித்தாள் தமிழில் 'எறிதலைவர்'. பந்தை வாங்கி, யாருக்கு எறியலாமென்று பார்த்து நிற்க வேண்டும். நிற்கும்போது எதிரணி வந்து நசுக்கும். அதுதான் வேலை.

மற்ற ஆட்டக்காரர்களுக்கு வலிக்கும். எறிதலைவருக்கு வலிக்காது. அடி விழுமென்று தெரிந்தவன் முகம் சுளிக்கிறான், திரையில் அது நன்றாக இல்லை என்று விளம்பரதாரர்கள் சொன்னார்கள். சங்கம் விதி போட்டது. எறிதலைவரின் கழுத்தில் நோவைக் கடத்தும் ஒரு சில்லு. அவருடைய வலியெல்லாம் சம்பளத்துக்கு அமர்த்திய 'வலியேற்பி' என்ற ஆளுக்குப் போய்விடும். தாங்க முடியாவிட்டால் வலியேற்பி மணிக்கட்டுப் பொத்தானை அமுக்கலாம்; உடனே எறிதலைவரை வெளியே உட்காரவைத்து டாக்டர் பார்ப்பார். கிளாட்வினின் வலியேற்பி சுடலைமுத்து ஒருமுறைகூட அமுக்கியதில்லை. அதனால் கிளாட்வினுக்கு 'இரும்பு உடம்பு' என்று பட்டம்.

சீசன் முடிந்த மறுநாள் எறிதலைவர் வெற்றிலைத் தட்டை நீட்டி, "அடுத்த வருஷமும் தாங்குவியா?" என்று கேட்க வேண்டும். வலியேற்பி ஒரு வெற்றிலை எடுத்தால் சம்மதம். எடுக்காவிட்டால் ஆட முடியாது. எப்போதும் கிளப் அலுவலகத்தில், போட்டோ சகிதம் நடக்கும். இந்த முறை சுடலைமுத்து வரவில்லை. ஆட்டத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத கிளாட்வினுக்கு இன்னொரு வருஷம் ஆடியே ஆக வேண்டும். தட்டோடு முதல்முறையாக அவன் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தவள் அவன் மனைவி இசக்கி. முதலில் தட்டைத்தான் பார்த்தாள்.

"வந்துட்டியளாக்கும்."

"சுடலைக்கு உடம்பு சரியில்லையா?"

"அவரு உடம்புக்கு என்ன? ஸ்கேன்ல ஒரு கீறல் கிடையாது. உங்க உடம்புதான் சரியில்ல. அதான் அவரால எந்திரிக்க முடியல."

சுடலைமுத்து கட்டிலில் இடது காலை நீட்டிக் கிடந்தான். டிவியில் நேற்றைய ஆட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க அண்ணாச்சி! அந்தக் கடைசி எறி இருக்கே, என்னா எறி!"

"ஏல, பொத்தான அமுக்க வேண்டியதுதான?"

"அமுக்குனா உங்கள வெளிய உக்கார வச்சிருவானுவ. பொறவு யாரு எறிவா?"

"தலகாணியக் கடிச்சிக்கிட்டு 'எறிங்க அண்ணாச்சி'ன்னு கத்துவாரு," என்றாள் இசக்கி. "வீட்டுல ஒரு தலகாணி உருப்படியா இல்ல."

சுடலைமுத்து வெற்றிலைக்குக் கை நீட்டினான். வலது தோள் பாதியிலேயே நின்றது. கிளாட்வின் எறிகிற தோள் அது. மற்றக் கையால் அதைத் தூக்கிவிட்டு மறுபடி நீட்டினான். கிளாட்வின் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்ல. நான் ஓய்வு வாங்கிக்கிடுதேன்."

சுடலைமுத்துவின் முகம் அப்போதுதான் நிஜமாகச் சுருங்கியது. "அப்ப நான் இம்புட்டு நாள் தாங்குனது எதுக்கு?"

வியாழக்கிழமை மாலை, கேடயம், நீண்ட வாழ்த்துரை எல்லாம் முடிந்து, மேடையிலேயே சில்லை எடுத்தார்கள். நாற்காலியிலிருந்து எழ முயன்ற கிளாட்வின் அழுதுவிட்டார். உணர்ச்சிவசப்பட்டதாகச் செய்தி வந்தது.

இடது முழங்காலில் காப்பாற்ற ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "இத்தன வருஷமா வலிச்சிருக்குமே சார், முன்னாடியே வந்திருந்தா சரிபண்ணியிருக்கலாம்."

"வலிச்சிது டாக்டர்," என்றார் கிளாட்வின். "வேற ஆளுக்கு."

அந்த வாரக் கடைசியில் சுடலைமுத்து பார்க்க வந்தான். மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வந்து, அப்படி ஏறியதற்குக் கூச்சப்பட்டு நின்றான்.

"படி எறங்கையில இடது கால மொதல்ல வைங்க. உக்காரும்போது தொடையப் பிடிச்சுக்கிடுங்க. தோளு இப்ப சும்மா இருக்கும், மழ வந்தா படுத்தி எடுத்திரும்."

கிளாட்வின் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்க ஒன்று இருந்தது. தட்டை நீட்டிய வருஷங்களில் ஒருமுறைகூட அதைக் கேட்டதில்லை.

"ரொம்ப வலிச்சுதால?"

சுடலைமுத்து பழக்கத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஜெயிச்ச அன்னைக்கெல்லாம் தெரியவே தெரியாது அண்ணாச்சி."

தூத்துக்குடி அதிகம் ஜெயித்ததில்லை.