கடைசி சைக்கிளின் மணி

அன்று மாலை சைக்கிள் கொட்டகைக்கு விருந்தாளிகள் வந்து சேர்ந்தபோது, இளையவள் பச்சை சைக்கிளில் புதுமணி ஒன்றை முடுக்கிக்கொண்டிருந்தாள். பழைய பித்தளை மணி காலையிலேயே ஆற்றோடு போய்விட்டது. பாலத்தின் நடுவில் நின்று அவள்தான் தூக்கிப் போட்டாள். "ஒழிஞ்சுது சனியன்" என்று வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள்.

அது மூத்தவளுடைய மணி. மூத்தவள் என்றால் கணவரின் முதல் மனைவி, செத்துப்போனவள். புருஷனும் பெண்டாட்டியுமாக ஆரம்பித்த தொழில் இது. வெளியூர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்து மாநகரத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். அவர் முன்னால் போவார், மனைவி கடைசியில் வருவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லோரும் வந்து சேர்ந்ததும் கடைசி சைக்கிள் இரண்டு தரம் மணியடிக்க வேண்டும். நெரிசலில் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது என்பதால் அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. மணி கேட்டால் இடது கையைத் தூக்கிவிட்டுக் கிளம்புவார். கேட்காவிட்டால் ஆளைத் தேடித் திரும்பி வருவார்.

அப்படி ஒரு நாள் மணி கேட்காமல் திரும்பி வந்தவர்தான், ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் சுரங்கப்பாதையில் மூத்தவளைக் கண்டார். லாரி அடித்துப் போட்டிருந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையைக் கடைத்தெருவே இன்னும் சொல்லும். இளையவளிடமும் சொன்னார்கள், அதுவும் கல்யாணத்தன்றே.

அந்த அழுகையை நினைத்துத்தான் இவளுக்கு வயிற்றெரிச்சல். உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தலைமயிரைப் பிடித்தாவது சண்டை போடலாம். செத்தவளோடு எப்படி மல்லுக்கட்டுவது? "அந்த மணிச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று அவர் சொல்லும்போதெல்லாம் இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழச்சந்தையைத் தாண்டி முதல் திருப்பம். இளையவள் புதுமணியை அடித்தாள்.

டிரிங். டிரிங்.

முன்னால் கை உயரவில்லை. பஸ் இரைச்சலில் கேட்டிருக்காது என்று மறுபடி அடித்தாள். அப்போதும் இல்லை.

அவளுக்குப் பின்னாலிருந்து மணி அடித்தது.

டங். டங்.

கை உயர்ந்தது.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. பயம் வந்திருக்க வேண்டும், வந்ததென்னவோ கோபம். என் மணிக்குத் தூக்காத கை அதற்கு மட்டும் தூக்குமா?

மணிக்கூண்டருகே எல்லோரும் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். கணவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு மணி நல்லா கேக்குது." அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் இவள் பார்த்ததே இல்லை. அது என் மணி இல்லை என்று சொல்லாமல் அவள் தண்ணீர் பாட்டிலை மூடினாள்.

மறுபடி கிளம்பினார்கள். அவளுக்கு முன்னால் போன தொப்பிக்காரர் கொஞ்சம் பின்தங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்களுக்குப் பின்னாடி வர்றது யாரும்மா?"

"யாருமில்ல சார். நான்தான் கடைசி."

"இல்லையே, பச்சை சைக்கிள்ல ஒரு அம்மா..." என்றவர் அவள் சைக்கிளின் நிறத்தைப் பார்த்தார். வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

சுரங்கப்பாதைக்குள் ஈரச்சுவரும் டீசல் புகையும் நாறின. பாதி வழியில் இளையவளின் செயின் கழன்றது. மற்றவர்கள் தூரத்து வெளிச்சத்தில் சின்னதாகித் திரும்பி மறைந்தார்கள். குனிந்து செயினைத் தொட்டவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது மணியடிக்காவிட்டால் அவர் திரும்பி வருவார். அவளுக்காக வந்தவர் எனக்காகவும் வருவார்.

கையை எடுத்துவிட்டாள்.

வரட்டும். எனக்காகவும் ஒரு தடவை பதறிக்கொண்டு வரட்டும்.

பின்னால் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று அவசரமே இல்லாமல் நெருங்கி வந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

ஈரத்துணி ஒன்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது.

"ஏங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

வெளியே, திருப்பத்தில்...

டங். டங்.

யாரும் திரும்பி வரவில்லை.

செயின் மாட்டவே வரவில்லை. ஊரின் பாதியை அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்தாள். கொட்டகைக்கு வந்தபோது இருட்டியிருந்தது. கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஹெல்மெட்டுகளை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். காலடி கேட்டுத் திரும்பியவர் திகைத்துப்போனார்.

"நீ எப்ப கீழ வந்த? இப்பத்தானே மாடிப்படி ஏறுற சத்தம் கேட்டுச்சு."

"நான் இப்பத்தாங்க வர்றேன். சுரங்கத்துல செயின் கழண்டுடுச்சு. நீங்க ஏன் என்னைத் தேடி வரல?"

"மணி கேட்டுச்சே."

அவள் மாடிப்படியைப் பார்த்தாள். கொட்டகைக்கு மேலேதான் அவர்கள் வீடு. ஒற்றைச் சக்கரத் தடம் ஈரமாக, சேறாக, படிப்படியாக மேலே ஏறியிருந்தது. படுக்கையறையில் விளக்கு எரிந்தது.

"மேல போகாதீங்க" என்று அவர் சட்டைக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மாடியில் மணி அடித்தது.

டங். டங்.

எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்று.

அவருடைய இடது கை அவள் பிடியை உதறிக்கொண்டு மெதுவாக மேலே உயர்ந்தது. கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு அவர் படியேறத் தொடங்கினார்.

திரும்பிப் பார்க்கவே இல்லை.