ஆளை நீக்கு

ஹாலைப் படம் எடுத்ததும் டேப்லெட்டின் கீழ் ஓரத்தில் ‘ஆளை நீக்கு’ என்ற பொத்தான் ஒளிர்ந்தது. பழக்கத்தில் அழுத்தினாள். சிறு வட்டம் சுழன்று நின்றது. ‘ஒருவர் நீக்கப்பட்டார்.’

அடுத்த மூலைக்கு நகர்ந்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

வாடகைக்குப் போகும் வீட்டின் சாவியைக் கொடுப்பதற்கு முன் எல்லா அறைகளையும் மூலைக்கு மூலை படம் எடுத்து வைப்பது அவள் வேலை. பிறகு சுவரில் ஆணி அடித்தது யார், தரையைக் கீறியது யார் என்று சண்டை வரக்கூடாது. படத்தில் ஆள் இருக்கக்கூடாது என்பது அலுவலகத்தின் கட்டளை. பெயிண்டர் ஏணியோடு குறுக்கே போவார். பிளம்பரின் முதுகு தெரியும். வீட்டுக்காரர் நடுவில் நின்று சிரிப்பார். பொத்தான் எல்லோரையும் துடைத்துவிடும். எத்தனையோ வீடுகளில் யார் என்று பார்க்காமலே அழுத்தியிருக்கிறாள்.

இங்கே பெயிண்டர் காலையிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார். ஜன்னல்கள் சாத்தியிருந்ததால் புது பெயிண்டின் வாசனை தொண்டையில் படிந்தது. அதற்கு அடியில், நனைத்துப் பிழியாமல் மடித்து வைத்த துணியின் வாடை இருந்தது. மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், சுவருக்குள் குழாயில் தண்ணீர் இறங்கும் ஒலி நீளமாக வந்து எங்கோ பாதியில் நின்றது.

படத்தை அசலுக்குத் திருப்பினாள். வாசல் கதவை ஒட்டிய வெளிர் மஞ்சள் சுவர். அந்தச் சுவரின் ஒரு பகுதியைச் சுற்றி டேப்லெட் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்குள்ளும் சுவர். வெளியிலும் சுவர்.

கோட்டுக்குத் தோள்கள் இருந்தன.

அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அங்கே சீக்கு வந்த கருவிகள் எல்லாம் ஒருவனிடம்தான் போகும். அதனால் அவன் பெயரே டாக்டர்.

“அது கண்டதை எல்லாம் ஆளுன்னு சொல்லும் மேடம்,” என்றான் டாக்டர். “புது அப்டேட் வந்ததுலேருந்து இப்படித்தான். போன வாரம் ஒரு வாஷிங் மெஷினைக் காட்டி நீக்கவான்னு கேட்டுச்சு. எங்க மாமனார் சாயல் கொஞ்சம் இருந்துச்சு, அதையும் சொல்லணும்.”

“இங்க மெஷினும் இல்ல, மாமனாரும் இல்ல. வெறும் சுவரு.”

“நிழல் விழுந்திருக்கும்.”

“சரி, நீக்கின எடத்துல அது என்ன வைக்கும்?”

“சுத்தி இருக்கறதைப் பாக்கும். இங்க என்ன இருந்திருக்கும்னு அதுவா யோசிச்சு வரைஞ்சு மூடிடும். பாக்கற நமக்கு வித்தியாசமே தெரியாது. இத்தனை நாள் கழிச்சு இப்பத்தான் கேக்கறீங்க பாருங்க.”

போனை வைத்துவிட்டுச் சிரித்துப் பார்த்தாள். சாமான் இல்லாத ஹாலில் சிரிப்பு எதிரொலிக்க வேண்டும். எதிரொலிக்கவில்லை.

படுக்கையறையிலும் பொத்தான் ஒளிர்ந்தது. இந்த முறை அழுத்தாமல் பார்த்தாள். கோடு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்தது. ஒரு பக்கம் தோள் சற்றுத் தாழ்ந்து, தலை சாய்ந்து, யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல. டேப்லெட்டைத் தாழ்த்தி நேராகப் பார்த்தாள். மஞ்சள் சுவர். அதன்மேல் சாயங்கால வெயில். வெயிலில் நிழல் எதுவும் இல்லை.

போன் அடித்தது. தங்கை.

“அக்கா, சாமான் எல்லாம் லாரியில ஏத்தியாச்சு. நான் டாக்சி பிடிச்சு முன்னாடி வந்துடறேன்.”

“பாப்பா தூங்கறாளா?”

“எங்க தூங்கறா. பல்லு வருதுல்ல, என் தோளைக் கடிச்சே ஒரு வழி பண்ணிட்டா. ஏன்க்கா குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“பெயிண்ட் வாடை.”

“கதவு, ஜன்னல் எல்லாம் தொறந்து வை. அப்புறம், பெட்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கில்ல?”

“இருக்கு.”

“அது போதும்க்கா.”

பிள்ளை பிறந்ததிலிருந்து தங்கை மாமியார் வீட்டு ஹாலில்தான் படுக்கிறாள். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் தாயையும் பிள்ளையையும் தாண்டித்தான் போவார்கள். பால் கொடுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருவாள். சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்பதைத் தவிர அவள் அக்காவிடம் எதுவும் கேட்டதில்லை. இந்த வீடு காலியானதும் விளம்பரத்தில் போடாமல் ஒளித்து வைத்து, வீட்டுக்காரரிடம் பேசி, தங்கைக்கென்று வாங்கிக் கொடுத்தது இவள்தான். இப்போது வராதே என்று சொன்னால் தங்கை எங்கே போவாள்? என்ன காரணம் சொல்வது? சுவரில் கோடு தெரிகிறது என்றா?

வாசல் கதவைத் திறந்து வைத்தாள். ஹால் ஜன்னலையும் திறந்தாள். ஈரத்துணி வாடை போகவில்லை.

சமையலறை. பொத்தான். கோடு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், குனிந்து, தொட்டிமேல் சாய்ந்தபடி. யோசிக்காமல் அழுத்திவிட்டாள். வட்டம் சுழன்றது. ஒருவர் நீக்கப்பட்டார்.

சுத்தமான படத்தில் தொட்டிக்கு இரண்டு குழாய்கள் இருந்தன.

நிமிர்ந்து பார்த்தாள். ஒரு குழாய்தான்.

மூச்சு விட்டாள். டாக்டர் சொன்னது சரி. அதுவா யோசிச்சு வரையும். இல்லாத குழாயை வரைந்திருக்கிறது. இதை அனுப்பினால் நாளைக்கு வீட்டுக்காரர் இன்னொரு குழாய் எங்கே என்று தங்கையைக் கேட்பார். வேறு என்னென்ன வரைந்து வைத்திருக்கிறது என்று பார்க்க ஹால் படத்துக்குப் போனாள். நீக்கிய படத்தில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு இருந்தது. நான்கு ஸ்விட்ச். ஒரு பிளக்.

முதலில் வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்குப் போட அந்த இடத்தில்தான் கையால் துழாவியிருந்தாள். எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கும். கையில் சுவர்தான் பட்டது. பெயிண்ட் காயவில்லை என்று நினைத்தாள். கையைப் பார்த்தபோது நிறம் ஒட்டியிருக்கவில்லை.

ஈரம் மட்டும் ஒட்டியிருந்தது.

ஹாலுக்குப் போனாள். கதவுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு இருந்தது. தொட்டாள். குளிர்ந்த பிளாஸ்டிக். அழுத்தினாள். விளக்கு எரிந்தது.

சமையலறைக்குத் திரும்பி வந்தாள்.

இரண்டு குழாய்கள்.

டேப்லெட் எதையும் கற்பனை செய்யவில்லை. பின்னால் இருந்ததைக் காட்டியிருக்கிறது. சுற்றி இருப்பதைப் பார்த்து, அதைப் போலவே தன்னை வரைந்து மூடிக்கொண்டு, ஒன்று இந்த வீட்டில் நின்றிருக்கிறது. ஹாலில் நின்றது. படுக்கையறையில் அவள் தங்கையோடு பேசியதைக் கேட்டது. இங்கே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், குனிந்து நின்றது.

இப்போது இங்கே இல்லை.

தங்கைக்குப் போன் போட்டாள். கீழேயே நிறுத்த வேண்டும். டாக்சியை விட்டு இறங்காதே என்று சொல்ல வேண்டும். காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மணி ஒலித்தது. போனுக்குள்.

ஹாலிலும்.

ஓடினாள்.

தங்கை இரண்டு பெரிய பைகளைச் சுவரோரம் வைத்துவிட்டு, தோளைத் தேய்த்துக்கொண்டு, கூரையிலிருந்து தரைவரை வீட்டை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வியர்த்திருந்தது. அவளை இவ்வளவு சந்தோஷமாக இவள் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

“வந்தவளுக்கு எதுக்குக்கா போன் அடிக்கற?” என்றாள் தங்கை. “நல்லா வெளிச்சமா இருக்கு வீடு. படிதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“பாப்பா எங்க?”

“ம்?”

“பாப்பா எங்கடி?”

“வெளையாடாதக்கா.” தங்கை சிரித்தாள். “நீதான வாசல்ல நின்னு வாங்கிக்கிட்ட.”

இவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“பையைக் கீழ வைக்கக்கூட விடல. ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்ன. ஒரு வார்த்தை பேசல. கையெல்லாம் சில்லுன்னு ஈரமா இருந்துச்சு, பாத்திரம் கழுவிட்டு வந்தியோன்னு நெனச்சேன்.”

தங்கையின் பார்வை அக்காவின் கைகளுக்கு இறங்கியது. ஒரு கையில் போன். ஒரு கையில் டேப்லெட். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, போக வழி தெரியாமல்.

“அக்கா,” என்றாள்.

அப்போது கேட்டது. குழந்தையின் குரல். அழுகை இல்லை. தூக்கியவர் தோளில் ஈறை வைத்துக் கடிக்கும்போது வருமே, அந்த முனகல். மிக அருகில். இந்த அறையில்.

அறையில் பைகள் இருந்தன. தங்கை இருந்தாள். இவள் இருந்தாள்.

முனகல் அடங்கியது. துணிக்குள் வாயை அழுத்தியது போல.

தங்கை முதலில் பார்த்தாள். அவள் பார்த்த பக்கம் இவள் திரும்பினாள்.

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர். மஞ்சள். வழுவழுப்பு. குறை சொல்ல முடியாத சுவர்.

நெஞ்சு உயரத்தில், சிவப்புச் சாக்ஸ் போட்ட சின்னக் கால் ஒன்று அதிலிருந்து நீண்டிருந்தது. மெல்ல ஆடியது, தோளில் போட்டுத் தாலாட்டுவது போல. கணுக்காலிலிருந்து மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது.

குதிகால் மறைந்தது.

விரல்கள் மடங்கின. விரிந்தன. மடங்கின.