படைக்கொட்டிலை எரித்தவர் யார்?

மாலைக் கதிரவன் மேற்கு மலைத்தொடருக்குப் பின்னே இறங்க, அவன் விட்டுச்சென்ற செம்மை பொருநை நதியின் நீரெங்கும் பரவி, கரையோரத்து மருத மரங்களையும் அவற்றின் அடியில் அணிவகுத்து நின்ற பாசறைக் கூடாரங்களையும் பொன்மயமாக்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டு மகிழும் மனநிலையில் அங்கே ஒருவரும் இல்லை, வாசகர்களே! நடப்பது பங்காளிச் சண்டை. தந்தையின் அரியணைக்காக அண்ணன் விடங்கராயரும் தம்பி இரணசிங்கரும் ஒருவர் குரல்வளையை ஒருவர் நெரிக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

சில நாட்களுக்கு முன்பு, ஆயுதங்கள் நிறைந்த தம்பியின் படைக்கொட்டில்கள் அடுத்தடுத்து எரிந்து சாம்பலாயின. அது தற்செயலாய்ப் பற்றிய தீ என்று தம்பி பறையறைவித்தார். அண்ணன் படையில் அத்தனை துணிவுள்ள ஆண்மகன் கிடையாதாம்! அண்ணனோ, எரித்தவர் தம்மவரே என்று முழங்கி, அவருக்கு வாகை மாலையையும் தங்கை சோமவல்லியின் கரத்தையும் பரிசாக அறிவித்தார். பரிசு இதுவென்றால் வீரனுக்கா பஞ்சம்? தளபதி மழவரையர் மீசையை முறுக்கிக்கொண்டு முன்வந்தார். அவருக்கு மாலையிடுவதைவிடப் பாழுங்கிணற்றில் விழலாம் என்று சோமவல்லி எண்ணினாள். அதில் நமக்கும் மாற்றுக் கருத்தில்லை.

அரச கூடாரத்தில் விடங்கராயர் பொற்றட்டிலிருந்து வாகையை எடுக்கக் கை நீட்டியபோது, அவள் எழுந்தாள்.

"சற்றுப் பொறுங்கள், அண்ணா! தளபதியாரே, தீ வைத்தவர் தாங்கள்தாமே?"

"ஐயமென்ன தேவி? இந்தக் கையாலேயே வைத்தேன்!"

"சென்ற போரில் சிறைப்பட்ட நம் வீரர்களை அந்தக் கொட்டில்களில்தான் பூட்டி வைத்திருந்தார்களாம். அவர்களும் சாம்பலாகிவிட்டார்களே!"

கூடாரம் திகைத்தது. தன் படையினரைத் தானே கொன்றவனுக்குக் கழுமரம் என்பது அந்நாட்டுச் சட்டம்.

"என் வீரர்களையா எரித்தீர், மழவரையரே?" என்று உறுமினார் விடங்கராயர்.

தளபதியின் மீசை தானாகவே இறங்கிற்று. "அரசே! அடியேன் அந்தத் திசைக்கே போகவில்லை. அன்று வயிற்று நோவோடு படுத்துக் கிடந்தேன். மருத்துவரைக் கேளுங்கள்!"

"அப்படியானால் எரித்தவன் எவன்?"

வாகைக்கு ஆசைப்பட்ட தலைகளெல்லாம் இப்போது தரையைப் பார்த்தன. சோமவல்லி தட்டிலிருந்த மாலையை எடுத்துத் தன் கழுத்திலேயே அணிந்துகொண்டாள்.

"நானும் என் தோழியரும். அங்கே சிறைப்பட்டவர் எவருமில்லை, அண்ணா. தீ வைக்குமுன் ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்தேன். தூங்கிய காவலரைக்கூட எழுப்பி விரட்டினேன்."

"நீயா? உடன்பிறந்தவனுக்கு எதிராகவா?"

"இருவரும் என் உடன்பிறந்தவர்கள்தாம். ஒருவர் கையை மட்டும் வெறுங்கையாக்கினால் மற்றவர் அவரைக் கொன்றுவிடுவார் அல்லவா?"

அவள் சொன்னதன் பொருள் விடங்கராயருக்கு விளங்குமுன் வெளியே, "தீ! நம் படைக்கொட்டில் எரிகிறது!" என்ற ஓலம் எழுந்தது. எல்லோரும் வாயிலை நோக்கி ஓடினார்கள். அந்தக் குழப்பத்தில் சோமவல்லி பின்புறத் திரையைக் கிழித்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு விரைந்தாள். தோழியர் படகோடு காத்திருந்தார்கள்.

"வாக்களித்த வாகையைப் பெற்றுக்கொண்டேன், அண்ணா!" என்று நடு ஆற்றிலிருந்து அவள் குரல் கேட்டது. "என் கரமும் இனி எனக்கே!"

"எய்யுங்கள்! படகைக் கவிழ்த்துவிடுங்கள்!" என்று கரையில் நின்று வெறிபிடித்தவர்போல் கத்தினார் விடங்கராயர்.

வில்லாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் படைக்கலங்களைக் கொட்டிலில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவரே இட்ட கட்டளை.