பத்துக் கிலோ வில்

நிலக்ஷியின் சப்பாத்துக்குள் எப்போதும் பழைய செய்தித்தாள் இருக்கும். வாசிப்பதற்காக அல்ல. முன்பக்கம் கால்விரல்களைத் தாண்டிக் காலியாகக் கிடக்கும் இடத்தை அடைப்பதற்காக.

அவளுடைய அப்பா முத்துலிங்கம் எதை வாங்கினாலும் இரண்டு அளவு பெரியதாகத்தான் வாங்குவார். சப்பாத்து பெரியது. சீருடை பெரியது. மழைக்கோட்டைப் போட்டால் விரல் நுனிகூட வெளியே தெரியாது. கேட்டால், "வளர்ற புள்ளதானே?" என்பார். இலங்கை மலையகத்து லிந்துலைப் பக்கத்தில் பாதி அப்பாக்கள் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். அதனால் நிலக்ஷியும் பேசாமல் செய்தித்தாளை மடித்து உள்ளே திணித்துக்கொள்வாள்.

ஆனால் அம்பு விஷயத்தில் அப்படி விட முடியவில்லை.

அவளுடைய பாடசாலைக்கு இந்த ஆண்டு ஆறு மரவில்கள் வந்திருந்தன. சுகிர்தம் டீச்சர் உடனே ஒரு வில்வித்தைக் குழுவைத் தொடங்கிவிட்டார். வில்லோடு வந்த அம்புகளில் சில முறிந்தன. மற்றவை மைதானத்துக்குப் பின்னால் இருந்த தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டன. தேயிலைக்குள் போன அம்பு திரும்பி வந்ததாக வரலாறே இல்லை.

"வில்லு பாடசாலை தரும். அம்பு அவங்கவங்க கொண்டு வாங்க," என்றார் டீச்சர். "அடுத்த வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஆறு அம்பு. அதுல நாலு அம்பாவது வட்டத்துக்குள்ள போகணும். அவங்களுக்குத்தான் நுவரெலியா போட்டிக்குப் பேர் குடுப்பேன்."

நிலக்ஷிக்குத் தன் குறி மீது சந்தேகமே இல்லை. நுவரெலியாவுக்குப் போகவேண்டும் என்று மனம் துடித்தது. ஒரே ஒரு குறை. அவளிடம் அம்பு இல்லை.

அம்பு வாங்கப் போகிறாள் என்ற செய்தி அவர்கள் குடியிருந்த லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பரவியது. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆலோசனை சொல்லத் தொடங்கினார்கள்.

"கறுப்பு அம்பு வாங்கு. என்னோடத பாரு, வால் பச்சைக் கலர்ல மின்னுது," என்றான் அவளுடைய வகுப்பு நிரோஷன். அவனுக்குக் கொழும்பிலிருந்து சித்தப்பா வாங்கி அனுப்பியிருந்தார்.

"பாரமான அம்பா வாங்கு புள்ள," என்றார் பக்கத்து வீட்டுப் பொன்னையா மாமா. "எனக்குத் தெரியாதா? பத்து வருஷம் கூத்துல அர்ச்சுனனா ஆடினவன் நான்."

அந்தப் பத்து வருடமும் அவருடைய அம்பு வில்லை விட்டு நகர்ந்ததே இல்லை என்பது ஊருக்கே தெரியும். மாமாவின் மனம் நோகக் கூடாது என்று நிலக்ஷி தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள். விளையாட்டுச் சாமான் கடை முதலாளி நிரோஷனிடம் இருந்தது போன்ற கறுப்பு அம்புகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"கொழும்புல இப்ப இதுதான் ஓடுது," என்றார்.

"இருக்கிறதுலயே நீளமா, கெட்டியா பார்த்துக் குடுங்க," என்றார் அப்பா. "வளர்ற புள்ள."

கடையின் மூலையில் ஓர் அக்கா பந்துகளுக்கு விலை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். சட்டையில் நிரோஜினி என்று பெயர் இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, உன் வில்லு எத்தன கிலோ இழுவ?"

"தெரியாதுக்கா."

"நாண முழுசா இழுத்துப் பிடிச்சா, அம்பு எவ்வளவு நீளம் வேணும்?"

"அதுவும் தெரியாதுக்கா."

"சரி. அம்ப எதுமேல வைக்கிற? வில்லுல தட்டு இருக்கா?"

"இல்லக்கா. கைமேலதான் வைக்கிறோம்." ஒரு கேள்விக்காவது பதில் தெரிந்ததில் நிலக்ஷிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அப்ப இந்த பிளாஸ்டிக் வால் உனக்குச் சரிவராது. போற போக்குல கையிலயும் மரத்துலயும் மோதும். இறகு வச்ச அம்புன்னா மடங்கிக் குடுத்துட்டுப் போயிரும்."

"கெட்டியான அம்புன்னா நேராத்தானே போகும்?" என்று கேட்டார் அப்பா.

"இல்லங்கண்ணே. நடுவுல வில்லு மரம் நிக்குதில்ல? அம்பு கொஞ்சம் வளைஞ்சு அதச் சுத்தித்தான் போகணும். வில்லு மெதுவா தள்ளினா, விறைப்பான அம்பு வளையாது. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிரும். ரொம்ப மெல்லிசா இருந்தா மத்தப் பக்கம் போயிரும். இழுவை தெரியாம அம்பு குடுக்க முடியாது." அவர் சிரித்தார். "நான் நாலு வருஷம் மாகாண அணியில விட்டவ. முதல் வருஷம் முழுக்கத் தப்பான அம்பத்தான் விட்டேன்."

"அப்ப நீளம்?" என்றார் அப்பா.

"வளர்ற புள்ளதான். ரெண்டு விரல் கூட வைக்கலாம், ரெண்டு முழம் வேணாம்."

நிலக்ஷி யோசித்தாள். இந்த ஒரு வாரத்தில் ஏழு பேர் அவளுக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்கள். ஒருவர்கூட அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்த அக்கா மட்டும்தான் கேட்டுவிட்டுச் சொல்கிறார்.

"அப்பா, இன்னைக்கு வாங்க வேணாம்," என்றாள்.

"என்ன புள்ள சொல்ற? ஹட்டன் வரைக்கும் வந்துட்டு வெறுங்கையோட போறதா? வெள்ளிக்கிழமை என்ன செய்வ?"

"அளந்து சொல்றேன்ப்பா. தப்பான அம்போட போறதுக்கு அம்பு இல்லாமலே போகலாம்."

முதலாளியின் முகம் சுருங்கியது. நிரோஜினி அக்காவோ ஒரு காகிதத் துண்டில் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தார். "செவ்வாய்க்கிழமைக்குள்ள சொல்லிரு. அம்ப அளவா வெட்டி பஸ்ஸில போட்டு விடுறேன்."

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நிலக்ஷி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கிலோவை எதில் அளப்பது? டீச்சரிடம் அப்படி ஒரு கருவி இல்லை. ஆனாலும் அந்த அக்கா சொன்னதுதான் சரி என்பதில் அவள் மாறவில்லை.

மறுநாள் மாலை, கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அம்மாவைக் கூட்டிவரப் போனாள். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். அவளுடைய அம்மா ஜெயந்தினி மட்டக்கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். தேயிலைச் செடியின் மேல்மட்டம் பார்த்துக் கொழுந்தெடுப்பதற்காகக் குறுக்கே வைக்கும் நேரான கம்பு அது. எதிரே, கொக்கியில் கொழுந்துச் சாக்கை மாட்டியதும் தராசின் முள் சட்டென்று கீழே இறங்கியது.

நிலக்ஷி கம்பைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள்.

"அம்மா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் கேட்டு, வில்லைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு எடுத்து வந்தாள். முதலில் மட்டக்கம்பை அம்பு போல நாணில் வைத்து, கன்னம் வரை மெதுவாக இழுத்தாள்.

"விட்டுறாத தாயி! யாரு மேலயாவது பட்டுறப் போவுது," என்று பதறிக்கொண்டே, வில் மரம் வரும் இடத்தில் அம்மா கம்பில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். நீளம் கிடைத்துவிட்டது.

அடுத்து தராசு. நிறுப்பவர் றொனால்ட் கணக்கப்பிள்ளை. கறாரான மனிதர்.

"ஐயா, இதையும் நிறுத்துத் தருவீங்களா?"

கணக்கப்பிள்ளை கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எத்தனையோ கொழுந்து பார்த்திருக்கேன். இது எந்த மலையில எடுத்தது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, வில்லின் பிடியைக் கொக்கியில் மாட்டினார். அம்மா நாணைப் பிடித்துக் கீழே இழுத்தார். நிலக்ஷி மட்டக்கம்பைப் பக்கத்தில் வைத்து, சுண்ணாம்புக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் குந்தியிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்மா... ஆ, அவ்வளவுதான்! ஐயா, எத்தன?"

"எட்டரை," என்று எழுதியே கொடுத்துவிட்டார் கணக்கப்பிள்ளை.

நிலக்ஷி துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு துள்ளிக் குதித்து நடந்தாள். அம்மாவின் கைத்தொலைபேசியில் ஹட்டன் இலக்கத்தை அழுத்தும்போது, பக்கத்தில் அம்மா தினமும் பாடும் பாட்டைத் தொடங்கினார்.

"இன்னைக்கும் ரெண்டு கிலோ கழிச்சிட்டாரு. சாக்குக்கு ஒண்ணாம், ஈரத்துக்கு ஒண்ணாம். வெயில்ல காஞ்ச கொழுந்துல ஏது ஈரம்?"

நிலக்ஷியின் விரல் நின்றது. அடுத்த நொடி, பெரிய சப்பாத்து தடதடக்க வந்த வழியே ஓடினாள்.

"ஐயா! முள்ளு எதுல நின்னுச்சு?"

"பத்தரையில."

"அப்ப எட்டரைன்னு எழுதினீங்க?"

"ரெண்டு கழிச்சேனே. சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு..." கணக்கப்பிள்ளையின் வாய் பாதியில் மூடிக்கொண்டது.

"ஐயா, வில்லுக்கு ஏது சாக்கு?"

அங்கே எழுந்த சிரிப்பில் மேட்டு லயத்து நாய்கள்கூடக் குரைத்தன. "சாக்கே இல்லாத சாமானுக்கும் கழிச்சிருக்காரு பாருங்கடி!" என்றார் ஓர் அக்கா. கணக்கப்பிள்ளைக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"பழக்க தோஷம்மா," என்றார் பாவமாக. "குடு, திருத்தி பத்தரைன்னு எழுதுறேன்."

நிலக்ஷி உடனே கொடுக்கவில்லை. "ஐயா, வில்ல இழுக்காம சும்மா மாட்டினா எத்தன காட்டும்? வில்லுக்கும் சொந்தமா ஒரு எடை இருக்குதானே?"

சும்மா மாட்டினார்கள். அரைக் கிலோ. அதை மட்டும் கழித்தால் பத்து.

"பத்துக் கிலோக்கா," என்று தொலைபேசியில் சொன்னாள் நிலக்ஷி. "வில்லோட எடையக் கழிச்சாச்சு. சாக்கு, ஈரம் எதுவும் கழிக்கல."

கதையைக் கேட்டு நிரோஜினி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "வில்லோட எடையக் கழிக்கணும்னு நான் சொல்லவே மறந்துட்டேன் பாரு. எட்டரைன்னு சொல்லியிருந்தா, தப்பான அம்புதான் வந்திருக்கும்."

வியாழக்கிழமை பஸ் நின்றதும், சிங்கள நடத்துனர் "நங்கி, தங்கச்சி, பார்சல்!" என்று ஒரு நீளமான பொதியை நீட்டினார். உள்ளே ஆறு மர அம்புகள், வாலில் பழுப்பு இறகுகள்.

அப்பா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மின்னவும் இல்ல, நீளமும் இல்ல. கோழி இறகு மாதிரி வேற இருக்கு," என்றார். ஆனாலும் வெள்ளிக்கிழமை தான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில் நேரத்தை மாற்றிக்கொண்டு மைதானத்து வேலியோரம் வந்து நின்றார்.

நிலக்ஷி கோட்டில் நின்றாள். முதல் அம்பை விட்டாள். அது வட்டத்துக்கு வெளியே போனது.

அம்பு நேராகத்தான் போனது. பிறகு ஏன்? மறுபடி நாணை இழுத்தபோதுதான் தெரிந்தது. கால் பெரிய சப்பாத்துக்குள் வழுக்கி நகர்ந்தது. நாணை மெதுவாகத் தளர்த்தி, சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தாள். ஈரப்புல் ஜில்லென்று இருந்தாலும் கால் அசையாமல் நின்றது.

இரண்டாவது அம்பு உள்ளே. மூன்றாவது உள்ளே. நான்கு, ஐந்து, ஆறு, எல்லாமே உள்ளே!

"ஐஞ்சு!" என்று டீச்சர் சொல்வதற்குள் வேலியோரம் ஒருவர் பலமாகக் கை தட்டினார். யார் என்று திரும்பிப் பார்க்கவே தேவையில்லை.

அடுத்து நிரோஷன். அவன் விட்ட முதல் மூன்று கறுப்பு அம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு போயின. பையன்கள் சிரித்தார்கள். அவன் கண் கலங்கிவிட்டது.

"டீச்சர், அம்புதான் தப்பு, அவன் இல்ல," என்றாள் நிலக்ஷி. "என்னோட அம்புல விடட்டும். ஆனா முதல்ல அளக்கணும். குட்டையான அம்பு வில்லுக்குப் பின்னால வந்துட்டா கையில குத்திரும்."

டீச்சர் பக்கத்தில் நின்று பார்க்க, அம்மாவிடம் கேட்டுக் கொண்டுவந்திருந்த மட்டக்கம்பை வைத்து அவனை அளந்தாள். அவனுக்கு ஒரு விரல்தான் கூட வேண்டியிருந்தது; அவளுடைய அம்பில் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. அம்பு போதும் என்றார் டீச்சர். முதலிலிருந்து ஆறு அம்பும் விடச் சொன்னார். நிரோஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விட்டான். சரியாக நான்கு உள்ளே போயின.

"உன் அம்பு மின்னாட்டியும் பரவாயில்ல," என்றான் அவன்.

அப்பா வேலியைத் தாண்டி வந்தார். வெறுங்காலோடு நின்ற மகளைப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். அதற்குள்ளிருந்து எட்டிப்பார்த்த செய்தித்தாளையும் பார்த்தார்.

மறுநாள் அவளை லிந்துலையில் சப்பாத்துக் கடைக்குக் கூட்டிப்போனார்.

"வளர்ற புள்ளதானே அண்ணே," என்றார் கடைக்காரர். "ரெண்டு அளவு பெருசாவே எடுக்கவா?"

"வேணாம் வேணாம்," என்றார் அப்பா. "மொதல்ல அவ கால அளந்து பாருங்க."

புதுச் சப்பாத்து காலைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. பழைய சப்பாத்திலிருந்து எடுத்த செய்தித்தாளை, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நிலக்ஷி பஸ்ஸில் விரித்து வாசித்துக்கொண்டே வந்தாள்.